மன்னிப்புக் கேட்டால் வேலை முடிந்ததா?

மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு



போன வருஷம் இன்-பிளான்ட் டிரெயினிங்குக்காக ஒரு கட்டட வேலைக்குப் போயிருந்தேன். ஒரு நாள் காலையில் தூணுக்கு அடித்திருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரித்தார்கள். அடிப்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கான்கிரீட்டைச் சரியாகக் குத்தி இறக்காததால் வந்த வினை. ஹனிகோம்ப் என்று படிக்கிறோமே, அதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் கலவைச் சட்டியோடு ஆள் வந்து வழவழவென்று பூசிவிட்டார். பத்து நிமிஷத்தில் தூண் புத்தம் புதுசாக நின்றது. "இப்ப எங்க இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சாயங்காலம் வயசான மேஸ்திரி ஒருவர் வந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார். சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். உளி கொண்டுவரச் சொல்லி, பூசினதை முழுக்கக் கொத்தி எடுக்க வைத்தார். "தம்பி, கொத்தாம பூசினா அது ரிப்பேர் இல்ல, ஏமாத்து வேலை" என்றார்.

அந்தப் பேச்சு மனதிலேயே கிடந்தது. அப்புறம் கனடா நாட்டின் கதையைப் படித்தபோது மேஸ்திரிதான் ஞாபகத்துக்கு வந்தார். நாடுகளும் இப்படித்தான். தங்கள் மண்ணின் பூர்வகுடிகளுக்கும் சிறுபான்மையினருக்கும் செய்த கொடுமையைப் பல காலம் பூசி மறைக்கின்றன. ஒரு நாள் கொத்த வேண்டி வருகிறது. கனடா எப்படிக் கொத்தியது, எதுவரை கொத்தியது, எதை விட்டுவைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். டிப்ளமோ படிக்கிற நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். இந்தக் கதை தொடங்குவதே தொழிற்பள்ளியில்தான்.

தொழிற்பள்ளி என்ற பெயரில்

கனடாவின் பூர்வகுடிகளைச் செவ்விந்தியர், எஸ்கிமோ என்றுதான் பழைய புத்தகங்கள் சொல்லும். அந்தப் பெயர்களை அவர்கள் விரும்புவதில்லை. முதற்குடிகள், இனுயிட், மெட்டி என்று மூன்று பிரிவினராக இன்று அறியப்படுகிறார்கள்.

1876-இல் கனடா அரசு இந்தியன் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, முதற்குடி மக்களின் வாழ்க்கை முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1879-இல் நிக்கோலஸ் டேவின் என்பவர் அமெரிக்காவுக்குப் போய், அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக நடந்த தொழிற்பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் வைக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார். 1883 முதல் மேற்குக் கனடாவில் அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. நடத்தும் பொறுப்பு கிறிஸ்தவ சபைகளுக்கு.

நோக்கம் என்ன தெரியுமா? பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தாய்மொழி பேசும், பெற்றோரின் பழக்கத்தைக் கற்கும். தூக்கிக் கொண்டுவந்து தூரத்தில் வைத்தால் எல்லாம் மறந்து வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் போல ஆகிவிடும். இதை யாரும் ஒளித்துப் பேசவில்லை. அன்றைய பிரதமர் ஜான் மெக்டொனால்ட் 1883-இல் பாராளுமன்றத்திலேயே எழுந்து நின்று இந்தக் கருத்தைச் சொன்னார். 1920-இல் 7 வயது முதல் 15 வயது வரை பள்ளிக்குப் போவது கட்டாயம் என்று சட்டம் வந்தது. அனுப்ப மறுத்த பெற்றோருக்குத் தண்டனை.

உள்ளே என்ன நடந்தது? தாய்மொழியில் பேசினால் அடி. தலைமுடி வெட்டு. பல பள்ளிகளில் பெயருக்குப் பதில் நம்பர். பாதி நாள் வகுப்பு, பாதி நாள் வேலை. பையன்களுக்கு வயல், தச்சு, கொல்லுப்பட்டறை. பெண்பிள்ளைகளுக்குத் துணி துவைப்பது, தைப்பது, சமைப்பது. நாமும் பாதி நாள் தியரி, பாதி நாள் ஒர்க்‌ஷாப் என்றுதான் இருக்கிறோம். ஆனால் நாம் ஃபைலிங் போடுவது கற்பதற்காக. அந்தப் பிள்ளைகள் உழைத்தது, பள்ளிக்கூடம் ஓடுவதற்கான செலவைக் குறைப்பதற்காக. தொழில் முழுசாகக் கற்று வெளியே வந்தவர்கள் குறைவு. இந்த அரை நாள் முறை 1950-கள் வரை நீடித்தது. அடியும் பட்டினியும் போக, பாலியல் கொடுமைகளும் நடந்தன என்று பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் சாட்சி சொன்னார்கள்.

இப்படி 130-க்கும் மேற்பட்ட பள்ளிகள். சுமார் 1,50,000 பிள்ளைகள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது எப்போது என்று நினைக்கிறீர்கள்? 1990-களின் பிற்பாதியில்! ஏதோ ராஜா காலத்துக் கதை இல்லை நண்பர்களே.

டாக்டர் பிரைஸ் கொடுத்த ரிப்போர்ட்

இங்கேதான் நம்மைப் போன்றவர்கள் நின்று கவனிக்க வேண்டிய ஒரு மனிதர் வருகிறார். பீட்டர் பிரைஸ் என்ற டாக்டர். அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி. 1907-இல் மேற்கு மாகாணங்களில் இருந்த 35 பள்ளிகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதினார்.

அவர் முக்கியமாகக் கவனித்தது காற்றோட்டத்தை. குளிர்காலத்தில் விறகுச் செலவை மிச்சம் பிடிக்க ஜன்னல்களை மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரே அறையில் நெருக்கிப் படுக்கை. அதில் காசநோய் உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில். 15 பள்ளிகள் விவரம் தந்தன. அந்த 1,537 பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இறந்துபோயிருந்தார்கள். கணக்கு மிகச் சரியாக வைத்திருந்த ஒரு பள்ளியில், படித்து வெளியே போனவர்களில் 69 சதவீதம் பேர் உயிரோடு இல்லை.

நோயுள்ள பிள்ளையை ஏன் சேர்த்தார்கள்? 1892-இல் வந்த ஏற்பாட்டின்படி அரசு தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம் கொடுத்தது. தலை குறைந்தால் வரவு குறையும். அதனால் சேர்க்கும்போது உடம்பைச் சோதிக்க ஆர்வம் இல்லை. கான்ட்ராக்டை எழுதின விதத்திலேயே கோளாறு இருந்தால் வேலை எப்படி ஒழுங்காக நடக்கும்?

பிரைஸின் அறிக்கை மூடி வைக்கப்பட்ட ரகசியமும் அல்ல. அதே 1907-இல் தலைநகர் ஒட்டாவாவின் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது. படித்தவர்கள் படித்தார்கள். அவர் சொன்ன சீர்திருத்தங்களுக்குச் செலவாகும் என்று இலாகா தள்ளிவிட்டது. பிறகு அவரிடம் ரிப்போர்ட் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். 1921-இல் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். மறு வருஷம், 1922-இல், அவர் தாமே ஒரு சிறு புத்தகம் போட்டு, இது ஒரு தேசியக் குற்றம் என்று தலைப்பிலேயே எழுதினார். அதற்குப் பிறகும் 70 வருஷத்துக்கு மேல் பள்ளிகள் நடந்தன.

1966 அக்டோபரில் சானி வென்ஜாக் என்ற 12 வயதுப் பையன் ஒண்டாரியோவில் கெனோரா என்ற ஊர்ப் பள்ளியிலிருந்து தப்பி ஓடினான். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வீடு சுமார் 600 கிலோமீட்டர் தூரம். எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியாது. ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தான். மெல்லிய உடுப்பு. கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் சில தீக்குச்சிகள். குளிரில் விறைத்துத் தண்டவாளத்து ஓரத்திலேயே இறந்து கிடந்தான்.

கொத்தியது யார்?

அரசாங்கம் தானாக முன்வந்து எதையும் திறக்கவில்லை. திறந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் படித்து உயிர் பிழைத்தவர்கள். 1990-இல் முதற்குடித் தலைவர்களில் ஒருவரான ஃபில் ஃபான்டெய்ன், தனக்குப் பள்ளியில் நடந்ததை டெலிவிஷனில் வெளிப்படையாகப் பேசினார். பெரிய பதவியில் இருக்கிற மனிதரே சொல்கிறார் என்றதும் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. 1990-களில் சபைகள் ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்கத் தொடங்கின. 1998-இல் ஒரு மந்திரி அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 35 கோடி டாலரில் ஒரு நிதியும் வந்தது. வருத்தத்தோடு நிற்க மனமில்லாதவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கில் வழக்குகள் குவிந்தன.

தோற்றுப்போனால் கஜானா காலியாகும் என்ற நிலையில்தான் அரசும் சபைகளும் உட்கார்ந்து பேசின. 2006-இல் ஒப்பந்தம், 2007-இல் அமல். அதன்படி அந்தப் பள்ளியில் தங்கிப் படித்தவர்களுக்கு முதல் வருஷத்துக்கு 10,000 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 3,000 டாலர். சுமார் 79,000 பேருக்கு 160 கோடி டாலர் அளவுக்குப் போய்ச் சேர்ந்தது. கொடுமைக்கு ஆளானவர்களுக்குத் தனி விசாரணை. அதில் 38,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. 300 கோடி டாலருக்கு மேல் கொடுக்கப்பட்டது. அதோடு, நடந்ததை விசாரித்து எழுத ஓர் ஆணையமும் அந்த ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றது.

2008 ஜூன் 11 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பூர்வகுடித் தலைவர்கள் சபைக்குள்ளே உட்கார்ந்து கேட்டார்கள். பலர் அழுதார்கள். இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. உன் மேல்தான் தப்பு என்று ஆயுள் முழுக்கக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, இல்லை, தப்பு எங்கள் மேல் என்று நாட்டின் பிரதமர் சொல்வது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஒன்று பாருங்கள். அதற்கு ஒன்பது மாதம் முன்புதான், 2007 செப்டம்பரில், பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய பிரகடனம் ஐ.நா. சபையில் ஓட்டுக்கு வந்தது. 144 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஓட்டுப் போட்டவை நாலே நாடுகள். அதில் கனடாவும் ஒன்று. அது மட்டுமல்ல, நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பகுதிப் பள்ளிகளில் படித்தவர்கள் இந்த மன்னிப்பில் சேர்க்கப்படவே இல்லை. அவர்களுக்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேட்டு எழுதியதுதான் பெரிய வேலை

உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கு மரீ சிங்க்ளேர் என்ற பூர்வகுடி நீதிபதி தலைமை தாங்கினார். நாடு முழுக்கச் சுற்றி 6,500-க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலத்தைக் கேட்டார்கள். அழுதவர்கள் கண்ணைத் துடைத்த காகிதங்களைக்கூடக் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்து, அவர்கள் வழக்கப்படி புனித நெருப்பில் இட்டார்கள்.

அரசு தன்னிடம் இருந்த ஆவணங்களை எளிதில் கொடுத்துவிடவில்லை. ஆணையம் கோர்ட்டுக்குப் போனது. கொடுத்தே ஆக வேண்டும் என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. 1936-க்கும் 1944-க்கும் இடையில் ஏராளமான பழைய கோப்புகள் அழிக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. மிச்சம் இருந்ததைக் கொண்டு 2015-இல் அறிக்கை வெளியானது. நடந்தது பண்பாட்டு இனப்படுகொலை என்று அது பெயர் சொல்லி எழுதியது. செய்ய வேண்டியவை என்று 94 காரியங்களைப் பட்டியல் போட்டது.

ஆணையம் அன்றைக்குக் கண்டெடுத்த சாவுகள் 3,200. பின்னால் வந்த பட்டியலில் அது 4,100-ஐத் தாண்டியது. என்னை உறுத்தியது வேறொரு கணக்கு. அந்த 3,200-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குப் பெயரே எழுதப்படவில்லை. பாதிக்குப் பாதி, எதனால் செத்தார்கள் என்று எழுதவில்லை. நம் லேபில் ஒரு கியூப் உடைத்தால்கூட வார்த்த தேதி, உடைத்த தேதி, எடை எல்லாம் எழுதி கையெழுத்துப் போடுகிறோம்.

2021 மே மாதம் கம்லூப்ஸ் என்ற ஊரின் பழைய பள்ளி வளாகத்தில் தரையை ஊடுருவும் ரேடார் வைத்துப் பார்த்தார்கள். முதலில் 215 என்றும், பிறகு திருத்தி 200 என்றும், பிள்ளைகளைப் புதைத்த இடங்களாக இருக்கக்கூடும் என்று அறிவித்தார்கள். உலகமே அதிர்ந்தது. சிவில் மாணவர்கள் இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ரேடார் எலும்பைக் காட்டாது. மண் எங்கே கலைந்திருக்கிறது என்று காட்டும். தோண்டிப் பார்த்தால்தான் உறுதி. அன்று வந்த அறிவிப்பு தோண்டிப் பார்த்துச் சொன்னதல்ல. சில பத்திரிகைகள் அவசரப்பட்டுப் பிணக்குழி என்று எழுதியதால், பிறகு எல்லாமே பொய் என்று பேசுகிறவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் அந்த 4,100 பேர் ரேடாரில் வந்தவர்கள் இல்லை. காகிதத்தில் இருப்பவர்கள். அளந்ததை அளந்த அளவுக்கே சொன்னால்தான் உண்மை நிற்கும்.

அந்த வருஷமே செப்டம்பர் 30 உண்மை, நல்லிணக்க நாளாக அறிவிக்கப்பட்டது. 2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் கனடாவுக்கே நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்.

மற்ற இடங்களில்

நியூசிலாந்தில் மாவோரி மக்களின் புகார்களை விசாரிக்க 1975-இல் வைதாங்கி தீர்ப்பாயம் அமைந்தது. 1860-களில் பறித்த நிலத்துக்காக 1995-இல் வைகாட்டோ-தைனுயி மக்களோடு தீர்வு ஏற்பட்டது. நிலமும் பணமுமாக 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்பு. மன்னிப்பைச் சட்டத்திலேயே எழுதினார்கள். அதில் ராணி எலிசபெத் நேரில் வந்து கையெழுத்துப் போட்டார். ஆஸ்திரேலியாவிலும் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்துக் கொண்டுபோனார்கள். 1997-இல் வந்த அறிக்கை மன்னிப்பும் நஷ்ட ஈடும் வேண்டும் என்றது. 2008 பிப்ரவரியில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார். நாடு முழுவதற்குமான நஷ்ட ஈடு கூடவே வரவில்லை.

நம் மண்ணுக்கும் இதில் தொடர்பு உண்டு. அதே பிரிட்டிஷ் ஆட்சி 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் விரிவாகி சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஒருவனைக் குற்றவாளி என்று பதிவு செய்த சட்டம் அது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளில் வைக்க அதிலும் அதிகாரம் இருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுக்க 1952-இலும் சட்டம் ரத்தானது. ரேகைப் பதிவைப் பற்றி நம் தாத்தா, பாட்டிகள் சொல்லக் கேட்ட நண்பர்கள் நம் கல்லூரியிலேயே இருக்கலாம். இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது உட்கார்ந்து கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மிச்சம் இருக்கிற வேலை

சரி, கனடாவில் தூண் சரியாகிவிட்டதா? ஆணையம் சொன்ன 94 காரியங்களில் பெரும்பாலானவை பத்து வருஷம் கழித்தும் முழுசாக முடியவில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 சதவீதம்தான். ஆனால் பெற்றோரிடமிருந்து எடுக்கப்பட்டு வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம். பள்ளிக்கூடம் மூடப்பட்டது. பிள்ளையைப் பிரிப்பது நிற்கவில்லை.

இன்னொன்று குடிதண்ணீர். முதற்குடி ஊர்களில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்காதே என்ற நீண்டகால எச்சரிக்கைகள் 2015 நவம்பரில் 105 இருந்தன. 2021 மார்ச்சுக்குள் ஒன்றுகூட இருக்காது என்று அரசு வாக்குக் கொடுத்தது. பல ஊர்களில் எச்சரிக்கை நீங்கியது. ஆனால் கெடு தவறியது. ஒண்டாரியோவில் நெஸ்கன்டாகா என்ற ஊரில் 1995-இல் தொடங்கிய எச்சரிக்கை 2025-இல் 30 வருஷத்தைத் தொட்டது. உலகத்தில் நன்னீர் மிகுந்த நாடுகளில் ஒன்று கனடா. சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது, பம்ப்பை ஓட வைப்பது, உள்ளூர்ப் பையனுக்கு ஆபரேட்டர் பயிற்சி கொடுப்பது, இதெல்லாம் டிப்ளமோ படித்தவன் செய்கிற வேலை. கவிதை மாதிரி மன்னிப்பு எழுதுவதை விட இது கஷ்டமாக இருந்திருக்கிறது!

மன்னிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வேலையில் ஒரு கட்டம். முதலில் பாதிக்கப்பட்டவரைப் பேச விட வேண்டும். சொன்னதைப் பெயரோடும் தேதியோடும் எழுத வேண்டும். தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். இழப்பைத் தீர்க்க வேண்டும். அதே தப்பு திரும்ப நடக்காதபடி சட்டத்தையும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். கனடா முதல் நாலை ஓரளவுக்குச் செய்தது. ஐந்தாவதில் நின்றுகொண்டிருக்கிறது.

நண்பர்களே, இன்னும் சில மாதத்தில் நாம் வெளியே போவோம். பிரதமராகப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேரோ தெரியாது. ஆனால் சூப்பர்வைசராக, ஓவர்சீயராக, இன்ஸ்பெக்டராகப் போகிறவர்கள் நிறைய பேர். நம் முன்னால் ஒரு ஹாஸ்டல் கட்டடம் வரும், ஒரு குடிசைப் பகுதித் தண்ணீர்த் தொட்டி வரும், ஓ.கே. போட்டுக் கொடு என்று ஒருவர் வருவார். அப்போது 1907-இல் அடைத்த ஜன்னலைப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதிய அந்த டாக்டரை நினைத்துக்கொள்வோம். அவர் எழுதியதை அன்றைக்கே கேட்டிருந்தால் எத்தனையோ பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள்.

எழுத வேண்டியதை எழுதுவோம். எழுதி வருவதைக் கேட்கவும் பழகுவோம்.